மலையேற முன் எழுதவேண்டிய பெயர்கள்

1

ரேணுகா என்ற பெயரை நான் கூப்பிடமாட்டேன். இத்தனைக்கும் பெயர் கூப்பிடுவதுதான் என் உத்தியோகம். கனடாவில் மார்க்கம் என்ற ஊரில் ஒரு பல் வைத்தியரின் முன்மேசையில் பத்தொன்பது வருஷமாக இருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கட ஆட்கள். சுகந்தி, ரஜீவன், பாலா அங்கிள் என்று வாய் நோகாமல் கூப்பிடுவேன். ரேணுகா என்று யாராவது பதிந்திருந்தால் மட்டும், பக்கத்து மேசைப் பிலிப்பைன்ஸ்காரியிடம் தாளைத் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். எனக்கும் ரேணுகாக்களுக்கும் ஏதோ பரம்பரைப் பகை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தமிழ்க் கடையில் மரக்கறி பொறுக்கும்போது பின்னாலிருந்து யாரும் "ரேணுகா!" என்று கத்தினால் என் பிடரி விறைத்துப்போகும். திரும்பமாட்டேன். கத்தரிக்காயைப் பார்த்தபடியே நிற்பேன். என் பெயர் விமலா. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன்னால், பதினேழு நாட்கள், நான் ரேணுகாவாக இருந்தேன்.

இதை யாருக்கும் சொல்வதாக இருக்கவில்லை. என் மகள் என்னை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்பட்டாள். அதனால் வந்த வினை இது.

2

ஆரணிக்கு இருபத்தெட்டு வயது. டவுன்டவுனில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் தனியாக இருக்கிறாள். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, என் சாப்பாட்டு மேசையில் கிடந்த புளிச்சாடியை நகர்த்திவிட்டு, பெரிய வரைபடம் ஒன்றை விரித்தாள்.

"அம்மா, உங்கட அறுபதுக்கு நாங்க ஸ்கொட்லாந்து போறம். சர்ப்ரைஸ்!"

ஸ்கொட்லாந்து என்றால் ஸ்கொட்லாந்தும் இல்லை. அதன் மேற்குக் கரையிலிருந்து கப்பலேறி மணிக்கணக்காகப் போகவேண்டிய ஒரு தீவு. ஆட்களைவிட ஆடுகள் அதிகமாம். ஒரே ஒரு கடை, அதுவும் மத்தியானத்தோடு பூட்டிவிடுமாம். தீவின் பெயரை அவள் சொல்லும்போது தொண்டையில் மீன்முள் சிக்கினவள்போல் இருந்தது. நான் இரண்டு முறை முயன்றுவிட்டு, "அந்தத் தீவு" என்று வைத்துக்கொண்டேன்.

"அங்க போய் என்ன செய்யிறது?"

"மலை ஏறுறது. நீங்க எல்லாம் மலை நடந்து கனடா வந்த ஆள். இது உங்களுக்கு ஒண்டுமே இல்லை அம்மா."

குற்றம் என்னுடையதுதான். அவள் ஆறாம் வகுப்பில் படித்தபோது, உங்கள் குடும்பம் எப்படிக் கனடா வந்தது என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். நான் சிரிக்கச் சிரிக்க ஒரு கதை சொன்னேன். பனைமரத்தைவிட உயரமாக எதையும் பார்த்திராத யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி, செருப்பு மாதிரியான சப்பாத்தோடு, ஐரோப்பாவில் ஒரு மலையைத் தாண்டினாள் என்று. ஆரணி அதைப் படமாகவும் கீறினாள். மலை உச்சியில் நான் ஒருத்தி மட்டும், கையில் கனடாக் கொடி. வகுப்பில் கைதட்டினார்களாம். அந்தப் படம் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் நாலு வருஷம் ஒட்டியிருந்தது. கறி எடுக்கப் போகும்போதெல்லாம் நான் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டேன்.

அவளுடைய அப்பாவுக்கும் அந்தச் சிரிப்புக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது. மனுசன் மிச்சக் கதை தெரியாமலே போய்விட்டார்.

3

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளை ஆசையோடு செய்கிறாள். மாசியும் பங்குனியும் பயிற்சியிலேயே போயின. வேலைநாட்களில் மோல் கடைத்தொகுதியைச் சுற்றி நடை. அங்கே விடியற்காலையில் கடை திறக்கமுதல் நடக்கிற அன்ரிமார் கூட்டம் ஒன்று உண்டு. கூட்டத்தில் சேர்ந்தால் கால் நடக்கிறதைவிட வாய் நடக்கும். சனிக்கிழமைகளில் றூஜ் பூங்காவில் ஏற்றம் இறக்கம். புதுச் சப்பாத்து குதியைக் கடித்தது. "பழகும் அம்மா, பழகும்" என்றாள் ஆரணி. அவளுக்குப் பழகாத சப்பாத்து என்று ஒன்று இந்த உலகத்தில் இல்லை.

சித்திரையில் ஒருநாள் திரும்ப வரைபடத்தோடு வந்தாள். சமவுயரக் கோடுகள் எனக்குப் புதிதில்லை. ஏஎல் பரீட்சைக்குப் புவியியல் படித்தவள் நான். கோடுகள் நெருக்கமாக இருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சாய்வு. அதை நான் சொன்னதும் மகளுக்கு ஒரே பெருமை. பத்தரைக்கு இந்தச் சிற்றோடை, பன்னிரண்டுக்கு இந்தத் தோள்மேடு, ஒரு மணிக்குள் உச்சிக்குப் போகாவிட்டால் எங்கே நின்றாலும் திரும்பிவிடவேண்டும் என்று பென்சிலால் குறித்தாள். அந்தத் தீவில் மூடுபனிப் புகார் நினைத்தவுடன் இறங்குமாம். முன்னால் போகிறவரின் முதுகே தெரியாதாம்.

"அப்ப என்ன செய்யிறது?"

"நிண்டிடவேணும். ஆரும் தனியப் போகக்கூடாது. குறூப்பில ஸ்லோவான ஆள் எவரோ, அவரின்ர ஸ்பீட்தான் எல்லாருக்கும். அதுதான் முதல் றூல்."

பிறகு ஒரு தாளை எடுத்தாள். மலைக்குப் போகமுதல் அதை நிரப்பித் தங்குமிடத்தில் கொடுத்துவிட்டுப் போகவேண்டுமாம். போகிறவர்களின் முழுப்பெயர். வயது. மழைக்கோட்டின் நிறம். எந்த வழியால் ஏறி எந்த வழியால் இறங்குவது. எத்தனை மணிக்குள் வராவிட்டால் தேட ஆள் அனுப்பவேண்டும். வீட்டில் யாருக்கு அறிவிக்கவேண்டும்.

"முழுப்பெயர் ஏன்?" என்று கேட்டேன்.

"தேடுற ஆக்கள் கூப்பிடவேணுமே அம்மா. பேர் தெரியாட்டி எப்பிடிக் கூப்பிடுறது?"

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன். அவள் கவனிக்கவில்லை. பைக்குள்ளிருந்து செம்மஞ்சள் விசில் ஒன்றை எடுத்து, வீட்டுக்குள்ளேயே ஆறு தரம் ஊதினாள். "ஒருத்தர் விழுந்து கால் முறிஞ்சா, ஆறு தரம் ஊதி, ஒரு நிமிஷம் பொறுத்து, திரும்ப ஆறு தரம். அதைக் கேட்டா ஆரெண்டாலும் வரோணும். கேட்டும் கேட்காத மாதிரிப் போகேலாது."

நான் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். கழுவ ஒரு கோப்பைகூட இருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்:

"நான் வரேல்லை, ஆரணி. டிக்கெட்டை கான்சல் பண்ணு."

4

நடந்தது இதுதான்.

கொழும்பிலிருந்து எங்களை ஏற்றிய ஏஜென்சிக்காரன், தனியாக வரும் ஆணையும் பெண்ணையும் கடவுச்சீட்டில் புருஷன் பெண்சாதியாக்கிவிடுவான். குடும்பம் என்றால் விமான நிலையத்தில் அதிகம் நோண்டமாட்டார்கள் என்பது அவனுடைய கணக்கு. எனக்குக் கிடைத்த புருஷன் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். கடவுச்சீட்டில் அவர் பெயர் வேறு, நான் ரேணுகா. உண்மைப் பெயரைச் சொல்லக்கூடாது, கேட்கவும் கூடாது என்பது கட்டளை. பிடிபட்டால் ஒருவர் வாயால் மற்றவர் அகப்படக்கூடாதாம். பொலிஸைக் கண்டால் நான் அவர் கையைப் பிடிக்கவேண்டும். பொலிஸ் போனதும் அவர் கையை எடுத்துக்கொண்டு, "குறை நினையாதையும் தங்கச்சி" என்பார். கடவுச்சீட்டில் பெண்சாதி, வாயில் தங்கச்சி. பதினேழு நாளும் அப்படித்தான். பாண் ரொட்டித் துண்டில் பெரிய பாதியை எனக்குத் தருவார்.

அந்த மலை எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் நடுவில் இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புவியியல் படித்தவள் எழுதுகிற வசனமா இது? ஆனால் உண்மை. மூடிய வான் வண்டியில் கொண்டுபோய் இறக்கினார்கள். இருட்டைவிடப் புகார் நல்லது என்று காலையிலேயே ஏற்றினார்கள். ஒன்பது பேர். முன்னால் அந்த நாட்டு வழிகாட்டி. அவன் பாஷை எங்களுக்குத் தெரியாது, எங்கட பாஷை அவனுக்குத் தெரியாது.

பத்தரை மணி இருக்கும். ஈரக் கல்லில் வழுக்கி அவர் விழுந்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. வழிகாட்டி குனிந்து பார்த்து, கையை விரித்தான். பிறகு தன்னையும் கீழே வந்த வழியையும் சுட்டிக் காட்டினான். திரும்பி வந்து கூட்டிக்கொண்டு போவான் என்று நாங்கள் விளங்கிக்கொண்டோம். விளங்கிக்கொள்ள விரும்பினோம் என்றுதான் சொல்லவேண்டும். மற்றவர்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் என் சால்வையைக் கிழித்து அவர் காலில் கட்டினேன். அவர் என் கையைப் பிடித்து அவசரமாகச் சொன்னார். "என்ர பேர் சிவநேசன். அளவெட்டி. அம்மா செல்லத்துரை அன்னலட்சுமி. போய்ச் சேந்தா ஒரு கடிதம் போடும். நான் பின்னால வாறன் எண்டு எழுதும். நீர் நடவும் தங்கச்சி."

நான் என் பெயரைச் சொல்லவில்லை. நேரமும் இல்லை, துணிவும் இல்லை. ஓடிப்போய்க் கடைசி ஆளின் முதுகைப் பிடித்தேன். ஐம்பது அடி போயிருப்பேன். பின்னால் புகாருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ரேணுகா!"

சத்தமாக இல்லை. சத்தம் போடக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், "ரேணுகா!" அவருக்குத் தெரிந்த பெயர் அதுதானே. நான் திரும்பவில்லை. அது என் பெயரில்லை, என் பெயரில்லை என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். சீ, என்ன பிறவி நான்!

கனடாவில் அகதி விசாரணையில் கேட்டார்கள், யாரோடு வந்தாய் என்று. தனிய என்றேன். அப்படிச் சொல்லத்தான் எல்லாரும் சொல்லித்தந்திருந்தார்கள். என் கோப்பில் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும்.

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்ற் அறையிலிருந்து அந்தத் தாய்க்குக் கடிதம் எழுதினேன். உங்கட மகன் சுகம், காலில் சின்னச் சுளுக்கு, கனடாவுக்குக் கொஞ்சம் பிந்தி வருவார், யோசிக்கவேண்டாம் என்று. இப்படிக்கு, கூட வந்த ஒருத்தி. என் விலாசத்தைப் போடவில்லை. சுகம் என்று கண்டால் தாய் ஒரு வாய் சாப்பிடுவா என்று நினைத்தேன். அவர் ஒருவேளை வந்தும் சேரலாம் என்றும் நினைத்தேன். வருஷங்கள் போகப் போக, உண்மையை எழுதுவதற்கு எனக்கு முகம் இல்லாமல் போய்விட்டது.

5

ஆரணிக்கு இவ்வளவையும் குழாயடியில் நின்றபடியே சொன்னேன். அவள் விசிலைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"பட், கீழ போன உடன ஆரையாவது கூப்பிட்டனீங்கள்தானே?"

"ஆரைப் பிள்ளை கூப்பிடுறது?"

"ஐ டோன்ற் நோ. பொலிஸ். மலையில தேடுற ஆக்கள். ஆரையாவது."

"பொலிஸுக்கு ஒளிச்சுத்தானே நடந்தனாங்கள்."

அவளுடைய உலகத்தில் கூப்பிடுவதற்கு எப்போதும் ஒரு நம்பர் இருக்கிறது. கூப்பிட்டால் ஹெலிகொப்டர் வருகிறது. அப்படி ஒரு உலகத்தில் அவள் பிறக்கவேண்டும் என்றுதான் நான் நடந்தேன். இப்போது அவள் அங்கே நின்று என்னைப் பார்த்தபோது, இரண்டு பேருக்கும் நடுவில் மேசை மட்டும் இருக்கவில்லை என்று பட்டது. அவள் ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விசிலை மேசையில் வைத்துவிட்டு, "அவற்ற வீட்டு ஆக்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

நான் கைபேசியை எடுத்து, கிட்டத்தட்ட ஒரு வருஷமாக ஒளித்துவைத்திருந்த மரண அறிவித்தலைக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. நானே வாசித்தேன். 'அளவெட்டியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட செல்லத்துரை அன்னலட்சுமி அவர்கள் இறைவனடி சேர்ந்தார். அன்னார், சிவநேசன் (கனடா), பத்மலோசனி (கனடா) ஆகியோரின் பாசமிகு தாயாரும் ஆவார்.' கீழே, தொடர்புகளுக்கு என்று மகளின் தொலைபேசி எண். மகனுக்கு எண் இல்லை.

"சிவநேசன், கனடா," என்றாள் ஆரணி. "அவர் இங்க இருக்கிறாரா அம்மா?"

"இல்லை. என்ர கடிதத்தால வந்த கனடா அது."

ஆரணி எண்ணை அழுத்திவிட்டுக் கைபேசியை என் காதில் வைத்தாள். பெண்குரல் ஒன்று வந்தது. அவரின் தங்கை பத்மலோசனிதான். உங்கட அண்ணையைப் பற்றி ஒரு விஷயம் கதைக்கவேணும் என்று தொடங்கினேன். அவ என்னை முடிக்கவிடவில்லை.

"அண்ணை எங்க இருக்கிறான்? உங்களோடயோ இருக்கிறான்?"

நேரில் வந்து சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

6

பத்மலோசனியின் வீடு ஸ்ரௌவ்வில் என்ற ஊரில்; சுற்றிவரப் புதிதாக எழும்பிய வீடுகள். தெருவோரத்து மரங்கள் எல்லாம் ஊன்றுகோல் கட்டிய கம்புகள். ஆரணி காரிலேயே இருந்துவிட்டாள். நான் லோசனி அக்கா என்றே கூப்பிட்டேன், அவவுக்கு என்னைவிட ஒரு வயது கூட. வாசலிலேயே என் பின்னால் எட்டிப் பார்த்தா, வேறு யாரும் வருகிறார்களா என்று.

இருத்தியதும் அவதான் முதலில் பேசினா. "அவன் இஞ்ச கலியாணம் கட்டிக்கொண்டு எங்களை மறந்திட்டான் எண்டு அம்மா கடைசிவரை திட்டிக்கொண்டுதான் கிடந்தவ. சாகேக்கையும் அவன்ர பேர் சொல்லேல்லை. நான் கனடா வந்த முதல் வருஷம் பஸ்ஸில ஏறுற ஆம்பிளையள் எல்லாரையும் பாத்தனான். சொல்லுங்கோ, எங்க இருக்கிறான்?"

சொன்னேன். மலையை, புகாரை, ஈரக் கல்லை, திரும்பிய காலை. அவர் கூப்பிட்டதை, நான் திரும்பாததை. கடிதம் என்னுடையது என்பதை. கதவைக் காட்டி வெளியே போ என்று சொல்வா, அறைந்தாலும் அறைவா என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

அவ சோபாவில் முன்னுக்கு நகர்ந்து இருந்தா. பிறகு முகத்தில் என்னவோ மாறியது.

"அப்ப அவன் எங்களை மறக்கேல்லை," என்றா. "அம்மா, அவன் எங்களை மறக்கேல்லையணை!" இல்லாத தாயிடம் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதா. எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதோம். முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்குவதுபோல் இருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவ கேட்டா: "தங்கச்சி, நீங்கள் விட்டிட்டு வெளிக்கிடேக்க, ஒரு வாய் தண்ணி எண்டாலும் குடுத்தனீங்களே அவனுக்கு?"

அந்த முகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அரை நிமிஷம்கூட எடுக்கவில்லை நான்.

"ஓம் அக்கா," என்றேன். "குடுத்தனான்."

"அது காணும்," என்றா. "அது காணும் எனக்கு." என் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றினா. "வாற மாசம் அம்மான்ர ஆட்டத்திவசம், முதல் வருஷத் திவசம். அதோட அண்ணைக்கும் செய்யிறன். அவன்ர படையலில தண்ணிச் செம்பை நீங்கள்தான் வைக்கவேணும். கடைசியாக் குடுத்த கை உங்கடதான்."

வருகிறேன் என்றேன். காரில் ஏறியதும் ஆரணி, "எல்லாம் சொல்லிட்டீங்களா அம்மா?" என்று கேட்டாள். அதற்கும் ஓம் என்றேன். திரும்பி வரும்போது அவள் என் தோளைத் தடவிக்கொண்டே ஓட்டினாள். அம்மா துணிச்சல்காரி என்று இப்போது முன்னையைவிடப் பெரிதாக நம்புகிறாள். மலைக்குப் போவதைத் திவசத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கப்பல் டிக்கெட்டையும் மாற்றிவிட்டாள்.

என்னை யாரென்று தெரியாமல் ஊரிலிருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள். லோசனி அக்காவுக்குத் திரும்பப் போன் எடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு நாளும் கைபேசியை எடுக்கிறேன், வைக்கிறேன். முதலில் எங்கேயாவது ஒரு இடத்தில் உண்மையாக எழுதிப் பார்த்தால் வாயால் சொல்ல வரும் என்று நினைக்கிறேன்.

எங்கள் இரண்டு பேருக்குமாக ஒரேயொரு தண்ணிப் போத்தல்தான் இருந்தது. நான் களைத்துப்போகக்கூடாது என்று அதை என்னிடம்தான் தந்து வைத்திருந்தார். ஓடிப்போய் மற்றவர்களைப் பிடித்தபோது அது என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, அரைவாசிக்கு மேல் தண்ணியோடு. மலையின் மற்றப் பக்கத்தில் இறங்கிய பிறகு அதை நான் குடித்தேன்.